முற்றுகையும் சோறும்: போர்ச்சட்டத்தின் சில சொற்கள்



மொழியியல் கற்றவர்க்குப் போர்ச்சட்டத்தில் என்ன வேலை என்று அறிவிப்பைக் கண்ட நண்பர் ஒருவர் வினவினார். சட்டம் சொற்களால் ஆனது என்பதே நம் விடை. அச்சொற்களுள் இரண்டொன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

புறநானூற்றின் 44ஆம் பாட்டை ஆசிரியர்கள் அறிவார்கள். நலங்கிள்ளி முற்றுகையிட, நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். பாலின்றி அழும் குழந்தைகளையும், பூவின்றி வெறுந்தலை முடிக்கும் மகளிரையும், நீரின்றிப் புலம்பும் வீடுகளையும் கோவூர்கிழார் அவனுக்குக் காட்டுகிறார். அறம் கருதினால் கதவைத் திற, மறம் கருதினால் வெளியே வந்து போரிடு என்கிறார். புலவரின் இடித்துரை உள்ளிருப்பவனை நோக்கியது. வெளியே நிற்பவனிடம், குழந்தைக்குப் பால் போக வழிவிடு என்று அப்பாட்டு கேட்கவில்லை. அவ்வாறு கேட்கும் சட்டம் உலகில் தோன்ற நெடுங்காலம் ஆயிற்று. அது தோன்றுவதற்குச் சற்று முன்னர்தான் நம் தோட்டத்து மக்கள் சயாமில் மடிந்தனர்.

ராசாவிலும் சிரம்பானைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மூத்தோர் சொல்லும் ஒரு தொடர் உண்டு: ‘சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்.’ இதில் பிடித்தவர் யார் என்னும் எழுவாய் பெரும்பாலும் இராது. ஜப்பானியப் படையா, பெயர்ப்பட்டியல் எழுதிக் கொடுத்த நம்மவரா என்பதைச் சொல்ல நா எழாமல் தொடர் அப்படியே நின்றுவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.

1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் இரயில்பாதையில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். மலாயாவிலிருந்து மட்டும் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளர் 70,000 பேருக்கு மேல், பெரும்பாலோர் தமிழர். ஆசியத் தொழிலாளரின் சாவுக்கணக்கு நூலுக்கு நூல் வேறுபடினும், எந்தக் கணக்கின்படியும் அது கைதிகளின் சாவைப் போல் பன்மடங்கு. காஞ்சனபுரியின் பெரிய போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் தனித்தனிக் கற்களின்கீழ்த் துயில்கின்றனர். நம்மவர்க்கு அப்படி ஓர் இடம் அமையவில்லை.

கைதிகளும் கொடுமையாகவே நடத்தப்பட்டனர். அவர்களுக்கு வந்த செஞ்சிலுவைப் பொதிகளிலும் மிகச் சிலவே கைக்கு எட்டின. ஆயினும் ‘போர்க்கைதி’ என்ற சொல்லுக்குப் பின்னால் 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை இருந்தது. ஜப்பான் அதில் கையெழுத்திட்டு, பின் ஏற்புறுதி செய்யாமல் விட்டது என்பது வேறு செய்தி. ‘தொழிலாளி’ என்ற சொல்லுக்குப் பின்னால் எதுவும் இல்லை. ஏட்டில் அவன் கூலிக்குச் சென்றவன். எந்த உடன்படிக்கையும் அவனுக்கென ஒரு பொதியைக் கேட்கவில்லை. 1943இல் வாந்திபேதி பரவிய பின்னரே, சிங்கப்பூரில் அடைபட்டிருந்த கைதிகளிலிருந்து மருத்துவர்களும் உதவியாளரும் ‘கே’ படை, ‘எல்’ படை என்னும் பெயர்களில் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களும் சில நூற்றுவரே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேடிக்கை என்று சொல்லவும் மனம் கூசுகிறது. பகைநாட்டார் கையில் அகப்படும் குடிமக்களைக் காப்பதற்கான வரைவு ஒன்றை 1934இல் செஞ்சிலுவை மாநாடு ஏற்றுக்கொண்டது. அம்மாநாடு கூடிய நகர் டோக்கியோ. அதனைச் சட்டமாக்க 1940இல் நாடுகள் கூடுவதாக இருந்தது, போர் முந்திக்கொண்டது.

ஆகவே குடிமக்களுக்கான நான்காம் ஜெனீவா உடன்படிக்கை 1949 ஆகஸ்ட் 12ஆம் நாள்தான் பிறந்தது. மலேசியா 1962இல் அதில் சேர்ந்தது. பகைநாட்டுக் குடிமக்களாயினும் மருந்துக்கு வழிவிட வேண்டும். பதினைந்து வயதுக்குட்பட்ட சிறார்க்கும் கருவுற்ற மகளிர்க்கும் உரிய உணவு, உடைகளுக்கும் வழிவிட வேண்டும் என்கிறது அதன் 23ஆம் உறுப்பு. பொருள் படையினர் கைக்குத் திரும்பிவிடும் என்று அஞ்சத் தக்க காரணம் இருந்தால் மறுக்க இடமுண்டு. 59ஆம் உறுப்பு இன்னும் கடுமையானது: கைப்பற்றப்பட்ட நிலத்து மக்களுக்குப் போதிய பொருள் இல்லையெனில், கைப்பற்றிய அரசு வெளியுதவிக்கு இசைந்தே ஆக வேண்டும்.

உள்நாட்டுப் போர்க்கோ நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான மூன்றாம் உறுப்பே உள்ளது. நடுநிலையான மனிதநேய அமைப்பு தன் பணியை அளிக்க முன்வரலாம் என்பதோடு அது நின்றுவிடுகிறது. ‘வேண்டும்’ இங்கே ‘லாம்’ ஆகிவிட்டது. தமிழில் ‘-லாம்’ இசைவையும் குறிக்கும், ஐயத்தையும் குறிக்கும். ‘கப்பல் வரலாம்’ என்றால் வர அனுமதி உண்டு என்பதா, வந்தாலும் வரும் என்பதா? ‘வேண்டும்’ அப்படியன்று. ‘எனக்குச் சோறு வேண்டும்’ என்று பசித்தவன் சொல்வதும், ‘நீ வழிவிட வேண்டும்’ என்று சட்டம் சொல்வதும் ஒரே வினை.

1977இல் வந்த இரண்டு கூடுதல் நெறிமுறைகள், குடிமக்களைப் பட்டினியிடுவதைப் போர்முறையாகக் கொள்ளக் கூடாது என்றன. மலேசியாவும் இந்தியாவும் இலங்கையும் அவற்றில் சேரவில்லை. ஆயினும், இருதரப்பினரும் நிவாரணத்துக்குத் தடையின்றி விரைந்து வழிவிட வேண்டும் என்பது எல்லா வகைப் போருக்கும் உரிய வழக்காற்றுச் சட்டமாகிவிட்டதென அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழுவின் 2005ஆம் ஆண்டு ஆய்வு கூறுகிறது. பொருளைச் சோதிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. இசைவைக் காரணமின்றி மறுக்கும் உரிமை இல்லை.

இசைவு இல்லாமல் பிறநாடு நுழையலாமா? 1987 ஜூன் 3இல் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்ட உணவுப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பியது. மறுநாள் ஐந்து இந்திய விமானங்கள், போர் விமானங்களின் துணையோடு, யாழ்ப்பாணத்தின்மேல் ஏறத்தாழ 25 டன் பொருளைப் போட்டன. ‘பூமாலை நடவடிக்கை’ என்பது அதன் பெயர். இந்தியா அதை மனிதநேயம் என்றது. கொழும்பு இறையாண்மை மீறல் என்றது. உணவைப் பெற்றவர் மகிழ்ந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதனைச் சட்டத்தின்படி நடந்த நிவாரணத்துக்கு முன்மாதிரியாக வகுப்பில் காட்ட நாம் தயங்குவோம்.

வன்னியில் இடர் எண்ணிக்கையில் தொடங்கியது. 2008 செப்டம்பரில் அரசின் பணிப்பால் ஐ.நா. அலுவலர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். உலக உணவுத் திட்டத்தின் வண்டித் தொடர்கள் 2009 ஜனவரியோடு நின்றன. உள்ளே இருப்போர் 70,000 அளவினர் எனக் கொழும்பு சொன்னது. மாவட்ட நிருவாகத்தினர் 300,000 பேருக்கு மேல் என்றனர். இறுதியில் உயிரோடு முகாம்களுக்கு வந்தோரே 280,000 பேருக்கு மேல். எவ்வளவு அரிசி போதும் என்பதை எந்த எண்ணை ஏற்கிறோம் என்பதே முடிவு செய்கிறது. புலிகளோ மக்களை வெளியேற விடாமல் தடுத்தனர். வெளியேற முயன்றோரைச் சுட்டனர். ஆவூரின் இரு தரப்பும் இங்கே குற்றத்தில் நின்றன. பிப்ரவரியிலிருந்து செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் கடல்வழியே காயமுற்றோரையும் உடனிருந்தோரையும் ஏற்றிவந்தது. அவ்வாறு வந்தோர் 13,000 பேருக்கு மேல். அக்குழுவின் பணியாளர் மூவரும் அந்த மாதங்களில் கொல்லப்பட்டனர். மே 9க்குப் பின் கப்பல் கரையை அணுக முடியவில்லை.

மாணவர்க்கு இரண்டு பயிற்சிகள் தருகிறோம். 23ஆம் உறுப்பைத் தமிழில் பெயர்த்து, எங்கெங்கே ‘லாம்’ வருகிறது, எங்கெங்கே ‘வேண்டும்’ வருகிறது என்று கோடிட்டுக் காட்டுங்கள். அடுத்து, வீட்டு மூத்தோரிடம் சயாம் பற்றிய ஒரு வாக்கியம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்லாமல் விட்ட எழுவாயை, அவர்களையே கேட்டு, அதில் சேர்த்து எழுதிக் கொணருங்கள்.