குண்டு வெடித்தது, வழக்கு நிற்கவில்லை!

(இளைஞர் பயிலரங்கில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

"கோர்ட்டுக்குப் போய் நாம் என்ன கண்டோம்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. பதிலுக்கு ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு கறுப்பின மெக்கானிக். ஒரு வெள்ளைக்காரரின் லாரியைப் பழுது பார்த்துக் கொடுத்தார். பணம் வரவில்லை. வெள்ளைக்கார வக்கீல்களிடம் போய் நின்றார். ஒருவரும் வழக்கை எடுக்கவில்லை. கடனுக்குச் சரக்குக் கொடுத்துவிட்டு ஏமாந்து நிற்கும் வேதனையை இங்குள்ள வியாபாரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய மகன் அன்றே முடிவு செய்தான், வக்கீலாவது என்று. அவர்தான் ஜூலியஸ் சேம்பர்ஸ்.

1962இல் சட்டப் படிப்பில் முதல் மாணவராகத் தேறினார். 1964இல் சார்லட் நகரில் அலுவலகம் திறந்தார். இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு இவற்றைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்ற சட்டம் அங்கே இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

1965 ஜனவரியில் அவருடைய காரில் குண்டு வெடித்தது. நவம்பரில் வீட்டில் வெடித்தது. 1971 பிப்ரவரியில் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். அவர் கல்லை எடுக்கவில்லை; அடுத்த மனுவை எழுதினார்.

டியூக் பவர் என்ற மின் கம்பெனி, கறுப்பர்களைக் கூலிப் பிரிவில் மட்டுமே வைத்திருந்தது. அங்கே மிக உயர்ந்த சம்பளமே மற்றப் பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்துக்கும் கீழே. 1965 ஜூலை 2ஆம் நாள் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றே, மற்றப் பிரிவுகளில் சேருவோர் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு தேர்வுகளிலும் தேற வேண்டும் என்று கம்பெனி விதி போட்டது. பார்த்தால் எல்லோருக்கும் பொதுவான விதி! சேம்பர்ஸும் தோழர்களும் 13 தொழிலாளர்களுக்காக வாதாடினார்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத விதி ஒரு சாராரை வெளியே தள்ளுமானால், உள்நோக்கம் இல்லாவிட்டாலும் அது செல்லாது என்று 1971 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

1975இல் ஒரு காகித ஆலைத் தொழிலாளர்களுக்காக அதே நீதிமன்றத்தில் அவரே நின்று வாதிட்டார். 'கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை' என்று சொல்லி, இழந்த சம்பளத்தை மறுக்க முடியாது என்றானது. 2013இல் அவர் மறைந்தார்.

இது நமக்கெதற்கு என்கிறீர்களா? தலையில் முக்காடு அணிந்ததற்காக அபர்குரோம்பி கம்பெனி 2008இல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு வேலை மறுத்தது. 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குத் துணை நின்றது கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற அதே 1964ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

இளைஞர்களே, சட்டம் படியுங்கள். அநீதி நடந்தால் தேதியோடு எழுதி வையுங்கள். காகிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். செல்வந்தர்களே, மஹல்லாவுக்கு ஓர் ஏழை மாணவனையாவது வக்கீலாக்குங்கள். ஒன்று மட்டும் மறவாதீர்கள். நம் கடையிலும் வேலைக்கு ஆட்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு நாம் போடும் விதி நியாயமானதா? பிறரிடம் நீதி கேட்கும் வாய்க்கு அந்தக் கேள்வியும் உண்டு.

வல்ல அல்லாஹ் நம்மை நீதியின் பக்கம் நிற்கச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.