நம்ம புத்தகத்தைப் பத்தி நாமே பேசலாமா?

இந்த எபிசோடை எங்க ஊர் கடத்தூர்ல, வீட்டு மாடியில உட்கார்ந்து பதிவு பண்றேன். நடுவுல பஸ் ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க.

போன வருஷம் என் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்தது. 300 பிரதி. அட்டைப்பெட்டியைப் பிரிச்சு, ஒரு புத்தகத்தை எடுத்து மோந்து பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம். அப்புறம் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். ஸ்டேட்டஸ்கூட வைக்கல. 'ஓவரா பண்றான்'னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயம்.

எங்க அப்பா வெற்றிலை வியாபாரி. விஷயம் அவருக்கு டீக்கடையில யாரோ சொல்லித்தான் தெரிஞ்சது. ராத்திரி வந்து கேட்டார்: "ஏன்டா சொல்லல?"

"பெருமை அடிச்சுக்கற மாதிரி இருக்கும்பா."

"சந்தையில கட்டை மூடி வெச்சுட்டு உட்கார்ந்தா, உள்ள அழுகல் இருக்குன்னுதான் நினைப்பாங்க. உன் கதையில அழுகல் இருக்குதா?"

என்கிட்ட பதில் இல்லை. அவர் கோபப்பட்டிருந்தாகூடப் பரவாயில்லை. அவர் முகத்துல இருந்தது கோபம் இல்லை, வருத்தம்.

அதுக்கப்புறம்தான் இதைப் பத்தித் தேடிப் படிச்சேன். தன்னைத் தானே புகழ்றது தப்புன்னு நமக்குச் சொன்னது யாருன்னு பார்த்தா, பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டுல எழுதின நன்னூல்லயே அது இருக்கு. எத்தனை துறையில சாதிச்சாலும் தற்புகழ்ச்சி தகாதுங்கறார். ஆனா அடுத்த சூத்திரத்துலயே விதிவிலக்கும் தர்றார். நாலு இடத்துல புலவன் தன்னைப் புகழ்ந்துக்கலாமாம். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவங்க நடுவுல இருக்கும்போது, சபையில வாதாடி ஜெயிக்க வேண்டியிருக்கும்போது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது.

அந்த ரெண்டாவது இடம் இருக்கே, அதுதான் நம்ம இன்ஸ்டாகிராம். நம்மளை அங்க யாருக்குத் தெரியும்?

இன்னும் பின்னால போனா, சங்க காலம். எங்க தருமபுரிதான் அன்னைக்குத் தகடூர், அதியமான் ஊர். பரிசில் தராம காலம் கடத்தினான்னு ஔவையார் அவன் வாசல்காரன்கிட்டயே பாடிட்டுக் கிளம்பறாங்க, புறநானூறு 206. உன் ராஜாவுக்கு என்னைத் தெரியலையா, இல்ல அவனையே அவனுக்குத் தெரியலையாங்கற தொனி. கோடாலி வெச்சிருக்கற தச்சன் வீட்டுப் பசங்களுக்குக் காட்டுல எங்க போனாலும் மரம் கிடைக்கும், அதுமாதிரி எங்களுக்கு எந்தத் திசையிலயும் சோறு கிடைக்கும்னு சொல்றாங்க. என்ன ஒரு தெம்பு பாருங்க!

ரெண்டு பாட்டு தள்ளி, 208. அதே அதியமான் பெருஞ்சித்திரனாரை நேர்ல பார்க்காமலே பரிசு கொடுத்தனுப்பறான். அவருக்குக் கோபம் வருது. நான் வியாபாரப் பரிசிலன் இல்லை, என் தகுதி தெரிஞ்சு கொடுத்தா தினையளவு போதும்ங்கறார். எனக்கு ஔவையைவிட இவரைத்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு. படிக்காமலே போடற நூறு லைக் இருக்கே, அது பார்க்காம அனுப்பின பரிசுதானே?

கூச்சமே இல்லாத ஒருத்தரையும் சொல்லணும். பாரதியார். 1920ல தன் எழுத்தெல்லாம் 40 புத்தகமா, ஒவ்வொண்ணும் 10,000 பிரதி போடப்போறேன்னு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிப் பணம் கேட்டார். மொத்தம் நாலு லட்சம்! தீப்பெட்டி, மண்ணெண்ணெயைவிட வேகமா விற்கும்னு நம்பினார். திட்டம் நடக்கல, அடுத்த வருஷமே இறந்துட்டார். கணக்கு தப்பா இருக்கலாம். தன் எழுத்தை அவர் எடை போட்டது தப்பில்லையே.

சரி, என் கதைக்கு வர்றேன். மறுநாள் ஸ்டேட்டஸ் வெச்சேன். பயந்த மாதிரியே ஒருத்தர் "சுயபுராணம் ஆரம்பிச்சாச்சா"ன்னு கேட்டார். வலிச்சுது, பொய் சொல்லல. ஆனா அதே வாரம் அப்பா முதல் கதையைப் படிச்சுட்டு வந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், மூணு நாள் ஆச்சு.

"கொடிக்கால்ல அகத்தியை முன்னாடியே விதைச்சு வளர்த்துட்டுத்தான் வெற்றிலைக் கொடி நடுவாங்க. நீ ரெண்டையும் ஒரே நாள்ல நட்டிருக்கியே"ன்னார்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, சந்தோஷத்துல. அடுத்த பதிப்புல அந்த வரியைத் திருத்தணும். அதுக்கு முதல்ல இந்தப் பதிப்பு தீரணும். கட்டிலுக்கு அடியில இன்னும் 140 பிரதி இருக்கு. நல்ல புத்தகம்தாங்க. வாங்கிப் படிங்க, தலைப்பும் விலையும் கீழ விவரத்துல இருக்கு.