நோயாளியையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

இன்று நான் பேசப்போவது, வீட்டில் நாலு பேர் கூடியிருக்கும்போது நாம் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம். மனநோயைப் பற்றித்தான். அதிலும் ஒரே ஒரு கேள்வி. மனநோய் வந்தவருக்கு என்ன வைத்தியம் செய்வது என்பதை யார் முடிவு செய்வது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் என் பழைய மாணவி. கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அந்தத் தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்குப் போய்விட்டது. குடும்பம் இப்போது அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. அவள் நாள்தோறும் கொமுட்டர் ரயிலேறி பிரிக்பீல்ட்சில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். தீபாவளிச் சாமான் வாங்க நான் துன் சம்பந்தன் சாலைக்குப் போயிருந்தபோது, "டீச்சர்!" என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளியில் துருதுருவென்று இருந்த பெண். முகத்தில் ரத்தமே இல்லை. தேத்தண்ணீர் குடிக்க உட்கார்ந்தோம். அவளாகவே சொன்னாள்.

இரண்டு வருடமாக மனச்சோர்வு. இரவில் தூக்கம் இல்லை, பகலில் எழுந்திருக்க முடியவில்லை, வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. அம்மா மந்திரித்த கயிறு கட்டிவிட்டார். கல்யாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் பெரியம்மா. இப்படியே இருந்தால் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பவேண்டும் என்று மிரட்டுகிறார் அண்ணன். ஓர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், அது என்ன மாத்திரை, எத்தனை நாளில் வேலை செய்யும் என்று யாரும் விளக்கவில்லை, இவளும் கேட்கவில்லை. பாதி குணம், பாதி இல்லை. "எனக்கு என்ன செய்யணும்னு எல்லாரும் பேசுறாங்க டீச்சர். என்னைத்தான் யாரும் கேக்கல" என்றாள்.

பிறகு கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினாள். ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வுக்கு ஒருவகைக் காளானில் உள்ள மருந்தை டாக்டர்களே கொடுக்கிறார்கள் என்ற செய்தி. அதற்குக் கீழேயே, அந்தக் காளான் கலந்த சாக்லேட்டு என்று யாரோ ஒருவர் விற்கிறார். "என் மனசு, என் உடம்பு. நானே முடிவு பண்ணக் கூடாதா?" என்று கேட்டாள்.

அவளுக்கு அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. ஒரு வாரம் படித்துப் பார்த்தேன். அப்போது என் சிறு வயதில் எங்கள் தோட்டத்தில் கண்ட ஒரு காட்சிதான் முதலில் நினைவுக்கு வந்தது. நல்ல பால்வெட்டுக்காரர் ஒருவர். திடீரென்று தனியாகப் பேச ஆரம்பித்தார், இரவில் லயத்தைச் சுற்றி ஓடினார். அவரைப் பலாமரத்தில் சங்கிலியால் கட்டிவைத்தார்கள். பூசாரி வந்தார், வேப்பிலை அடித்தார். டிரஸ்ஸர் வந்தார், ஊசி போட்டார். ஒரு நாள் காலையில் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கட்டியவர்கள் கொடியவர்கள் அல்ல. அவருடைய மனைவிதான் மூன்று வேளையும் மரத்தடியில் சோறு ஊட்டினார். ஆனால் "உனக்கு எங்கே வலிக்கிறது?" என்று அவரிடம் ஒருவர்கூடக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அண்ணன் மிரட்டிய தஞ்சோங் ரம்புத்தான், ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மனநோய் ஆஸ்பத்திரி. இன்று அதன் பெயர் ஹாஸ்பிட்டல் பஹாகியா. மகிழ்ச்சி என்று பொருள். பெயர் மாறியும் நம் வாயில் அது இன்னும் ஒரு வசைச்சொல்லாகவே இருக்கிறது. குணமாகித் திரும்பி வந்தவர்கள் ஏராளம் என்பதை நாம் பேசுவதே இல்லை.

சங்கிலி என்றதும் தமிழ்நாட்டு ஏர்வாடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஊர். தர்காவில் நோய் தீரும் என்று நம்பி மனநோயாளிகளை அங்கே கொண்டுவருவார்கள். அவர்களைத் தங்கவைக்கத் தனியார் காப்பகங்கள் முளைத்திருந்தன. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலை, அப்படி ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் கட்டிலோடும் தூணோடும் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் பெற்றவர்கள்தான், உடன்பிறந்தவர்கள்தான்.

அந்தத் துயரம் இந்தியாவையே உலுக்கியது. 2017-இல் அங்கே புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடப்புக்கு வந்தது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. அதில் என்னை மிகவும் கவர்ந்தது வேறொரு விதி. ஒருவர் நல்ல நிலையில் இருக்கும்போதே, "எனக்கு மனநோய் முற்றினால் இந்த வைத்தியம் செய்யுங்கள், இதைச் செய்யாதீர்கள், என் சார்பில் பேச இவரை நியமிக்கிறேன்" என்று எழுதிவைக்கலாம். உயில் எழுதுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டிலும் இது வரவேண்டும் என்பது என் ஆசை.

நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இருக்கிறது. 2010-இல்தான் அது அமலுக்கு வந்தது. அதன்படி ஒருவர் தாமாகவே ஆஸ்பத்திரியில் சேரலாம். உறவினர் சேர்க்க விரும்பினால் டாக்டர் பரிசோதித்துப் பரிந்துரை செய்யவேண்டும். அண்ணன் நினைத்த மாத்திரத்தில் தங்கையை அனுப்பிவிட முடியாது. அறுவைச் சிகிச்சைக்கோ, மின்னதிர்ச்சி வைத்தியத்துக்கோ, புது மருந்துச் சோதனைக்கோ, நோயாளி சுயமாக முடிவெடுக்கும் நிலையில் இருந்தால் அவர்தான் சம்மதம் தரவேண்டும். அந்த நிலையில் அவர் இல்லை என்றால்தான் உறவினர் பேச்சு வருகிறது. மனநோய் வந்துவிட்டாலே புத்தி போய்விட்டது என்று நாம் நினைக்கிறோமே, சட்டம் அப்படி நினைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கியிருந்த 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. "சாகணும்போல இருக்கு" என்று டாக்டரிடம் சொன்னால் போலீஸ் வரும் என்று பயப்படவேண்டியதில்லை.

சரி, காளானுக்கு வருவோம். மெக்சிகோ நாட்டு மலைப்பகுதியில் மசாட்டெக் என்னும் மக்கள் இந்தக் காளானை நெடுங்காலமாக நோய் தீர்க்கும் சடங்கில் உபயோகித்து வந்தார்கள். அதில் உள்ள சைலோசைபின் என்னும் சத்தை 1958-இல் ஆல்பர்ட் ஹோஃப்மன் என்ற சுவிட்சர்லாந்து இரசாயன நிபுணர் பிரித்தெடுத்தார். அவர் வேலை செய்த மருந்துக் கம்பெனி அதை டாக்டர்களுக்கு அனுப்பியது, பரிசோதனைகள் நடந்தன. பிறகு இளைஞர்கள் கண்டபடி உட்கொள்ள ஆரம்பித்ததும் நாடுகள் பயந்தன. 1971-ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தம் அதை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஆராய்ச்சியும் பல ஆண்டுகள் படுத்துவிட்டது.

இப்போது மறுபடியும் எழுந்திருக்கிறது. 2022-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மற்ற மாத்திரைகளால் குணமாகாத 233 பேருக்கு இந்த மருந்தை வெவ்வேறு அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 25 மில்லிகிராம் பெற்றவர்களில் மூன்று வாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் பெருமளவு தணிந்தது. பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகும் அந்தக் குணம் நிலைத்தது ஐந்தில் ஒருவருக்குத்தான். சிலருக்குத் தற்கொலை எண்ணம் தலைதூக்கியதையும் அந்த டாக்டர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். கைத்தொலைபேசிச் செய்தியில் முதல் பாதி மட்டும்தான் வந்தது.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இதற்கு அனுமதி உண்டு. எல்லா டாக்டர்களும் கொடுக்க முடியாது. தனியாக அங்கீகாரம் பெற்ற மனநோய் டாக்டர்கள், மற்ற வைத்தியம் பலிக்காத மனச்சோர்வுக்கு மட்டும் கொடுக்கலாம். முதலில் பல தடவை உட்காரவைத்துப் பேசுகிறார்கள். சொந்தத்தில் யாருக்காவது சித்தப்பிரமை உண்டா என்று விசாரிக்கிறார்கள். உண்டென்றால் பெரும்பாலும் கொடுப்பதில்லை. மருந்து உட்கொண்ட அன்று ஆறு மணி நேரத்துக்கு மேலாகப் பயிற்சி பெற்றவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மறுபடியும் பேச்சு, பிறகும் பேச்சு. செலவு பல ஆயிரம் டாலர். பணம் இல்லாதவனுக்கு அங்கேயும் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

பத்துமலையில் காவடி எடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள். விரதம் இருக்கிறார். படி ஏறும்போது முன்னும் பின்னும் ஆள் வருகிறது. தண்ணீர் கொடுக்க ஒருவர், தளர்ந்தால் தாங்க ஒருவர். யாரும் தனியாக, திடீரென்று, வழியில் வாங்கிய காவடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. வைத்தியமும் தெய்வ காரியமும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. மனத்தை இத்தனை வேகமாகக் கலக்கும் ஒன்றை எடுப்பவருக்குத் துணையும் ஆயத்தமும் வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

மறுவாரம் அவளைத் தொலைபேசியில் அழைத்தேன். சுற்றிவளைக்காமல் சொன்னேன். "நீ கேட்டது நியாயமான கேள்வி. வயது வந்த ஒருவர், மற்ற மருந்துகள் பலிக்காத நிலையில், நல்லது கெட்டது தெரிந்துகொண்டு, டாக்டர் மேற்பார்வையில் இந்த மருந்தை விரும்பினால் அதைத் தடுக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணமும். இங்கே அதற்கு இன்னும் வழி இல்லை. வழி வேண்டும் என்று கேட்பதில் தப்பும் இல்லை. ஆனால் அந்தச் சாக்லேட்டு வேறு. அதில் காளான் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, வேறென்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. நீ ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறாய். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லவும் ஆள் இல்லை. கையில் வைத்திருந்தாலே 1952-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் மாட்டிக்கொள்வாய். என்ன என்றே தெரியாமல் விழுங்குவதை நீ முடிவு செய்ததாக எப்படிச் சொல்வது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப நான் எதைத்தான் முடிவு பண்றது டீச்சர்?" என்றாள்.

அதற்குத்தான் இருவரும் சேர்ந்து ஒரு காகிதத்தில் கேள்விகள் எழுதினோம். இந்த மாத்திரையின் பெயர் என்ன? எத்தனை வாரத்தில் குணம் தெரியும்? உடம்பை என்ன செய்யும்? இது சரிவரவில்லை என்றால் வேறு மாத்திரை உண்டா? மாத்திரை இல்லாமல் உட்கார்ந்து பேசும் வைத்தியம் இங்கே கிடைக்குமா, தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா? பெரும்பாலான மாத்திரைகளுக்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதும், ஒன்று பலிக்காவிட்டால் அளவை மாற்றவோ வேறொன்றுக்குப் போகவோ முடியும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு வெள்ளி கொடுத்து அரசாங்கக் கிளினிக்கில் பதிந்து, இவற்றையெல்லாம் கேட்கும் உரிமை நம் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. டாக்டர் அவசரப்படுகிறார் என்றால் காகிதத்தை அவர் முன் வையுங்கள். நாம் டாக்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றே பழகியவர்கள். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

கிளினிக் திறக்கும்வரை பொறுக்க முடியாத இரவுகள் வரும். அப்போது பிஃப்ரெண்டர்ஸ் சங்கத்தின் 03-76272929 எண்ணுக்குப் பேசலாம். சுகாதார அமைச்சின் 15555 எண்ணும் உண்டு.

போன மாதம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அம்மாவும் கூடப் போயிருக்கிறார். டாக்டரின் அறைக்குள் போகும் முன், "நான் உள்ளே வரட்டுமா, வெளியே இருக்கட்டுமா?" என்று அம்மா கேட்டாராம். இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. வெளியே இருக்கச் சொன்னாளாம். மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், பேச்சு வைத்தியத்துக்கும் பெயர் பதிந்திருக்கிறார்கள், முறை வர நாளாகும். கயிறு இன்னும் கையில் இருக்கிறது. அம்மாவுக்காக அவளே வைத்துக்கொண்டிருக்கிறாள்.