புறப்படும் முன் பார்த்துவிடுங்கள்

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் கால் வைக்க இடமிருக்காது. வசந்த விழா, மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம். அந்தக் கூட்டம் மலையேறும் நேரத்தில்தான் இன்னொரு கூட்டம் விடைபெற்றுப் போகிறது.

நகர நடுவிலுள்ள விக்டோரியா பூங்காவில் மார்ச் மாத விடியலில் நின்று பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் காஷ்மீர் ஈப்பிடிப்பான், செம்மஞ்சள் நெஞ்சோடு கிளைக்குக் கிளை தாவும். காஷ்மீரிலிருந்து இங்கே ஏறக்குறைய 3000 கிலோமீட்டர்! குளிர்காலத்தை நம் மலையில் கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க அவ்வளவு தூரமும் திரும்பிப் பறக்கிறது. ஓடைக்கரைச் சருகைக் கிளறும் ஆறுமணிக் குருவியும் வடக்கேதான் போகும். இமயத்துக் கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும் அப்படியே.

இவற்றைப் பார்க்க உலகின் பல மூலைகளிலிருந்து குழு குழுவாக வருகிறார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளும் பார்க்க வேண்டாமா? காலையில் பெயர் பதியப் பெரட்டுக்குப் போகும் அம்மாமாருக்கு இந்தக் குரல்களெல்லாம் பழக்கம்தான். பெயர் சொல்லிக் காட்டத்தான் ஆளில்லை. ஹட்டன், தலவாக்கலைப் பாடசாலைகள் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம்.

அடுத்த மார்ச்சுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. இலங்கையில் மட்டுமே வாழும் மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கிறது. ஏழெட்டுப் பேராகப் போங்கள். மங்கலான உடுப்பு நல்லது. ஒரு தொலைநோக்கி இருந்தால் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.