சராசரி மறைப்பதும் கோடு காட்டுவதும்

வடசென்னையில் டோல்கேட்டுக்கும் திருவொற்றியூர்த் தேரடிக்கும் இடையே அமைந்துள்ள காலடிப்பேட்டைக்கு மேற்கே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், வடக்கே எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்து அனல் மின் நிலையங்களும், தெற்கே சென்னைத் துறைமுகமும் இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. இங்கு வாழ்பவர்கள் எத்தகைய காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதற்குப் புகார் மனுக்களில் மட்டுமல்லாமல் எண்களிலும் சான்று கிடைக்கிறது. மணலி, கொடுங்கையூர், இராயபுரம் ஆகிய இடங்களில் நிறுவப்பட்டுள்ள தானியங்கிக் கண்காணிப்பு நிலையங்கள் காற்றின் மாசை இடைவிடாமல் அளக்கின்றன; அந்த அளவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்திலிருந்து எவரும் கோப்பாகப் பதிவிறக்கிக்கொள்ள முடியும். ஆயினும் பதிவிறக்கிய கோப்பு வெறும் எண் குவியலாகவே திறக்கிறது. அக்குவியலுக்குப் பேச்சைத் தருபவை விரிதாள் மென்பொருளில் உள்ள சார்புகளும் வரைபடங்களும் ஆகும்.

விரிதாள் என்பது கிடைவரிசைகளும் நெடுவரிசைகளும் கொண்ட கணக்குத் தாள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலட்டின் காலத்தில் நெசவாளர் குடியிருப்பாக உருவான காலடிப்பேட்டைக்கு அதன் அமைப்பை விளக்குவது எளிது: தறியில் பாவும் ஊடையும் குறுக்கிடுவதைப் போல நெடுவரிசையும் கிடைவரிசையும் குறுக்கிடும் ஒவ்வோர் இடமும் ஒரு கட்டம், பி என்னும் நெடுவரிசையும் இரண்டாம் கிடைவரிசையும் சந்திக்கும் கட்டத்தின் முகவரி பி2. டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கி 1979ஆம் ஆண்டு ஆப்பிள் II கணினிக்காக வெளிவந்த விசிகால்க், ஓர் எண்ணை மாற்றியவுடன் அதைச் சார்ந்த கணக்குகள் யாவற்றையும் தானே திருத்திக்கொண்டது. 1985இல் வந்த எக்செல் முதல் இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் வரை எல்லாம் அந்த ஒரே கருத்தின் வளர்ச்சி. தட்டச்சுப் பயிலகங்களில் ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களும், மேல்நிலை வகுப்பில் கணினிப் பயன்பாடுகள் பாடம் எடுத்த மாணவர்களும் இதை முன்பே அறிந்திருப்பர். அவர்கள் கற்றது வேலைவாய்ப்புக்கு மட்டும் உரியதன்று என்பதை இனி வருவன காட்டும்.

சார்பு என்பது ஒரு பெயரைச் சொன்னதும் குறித்த கணக்கைச் செய்து விடையைத் தரும் ஆயத்தச் சூத்திரம். சமக்குறியிட்டு, ஆவரேஜ் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் பி2 முதல் பி8 வரை என்று குறித்தால் அந்த ஏழு கட்டங்களின் சராசரி கிடைக்கும். நேயர்கள் ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்து, விளக்கத்துக்காக அமைத்த இந்த ஏழு எண்களைத் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒன்றன்கீழ் ஒன்றாகக் குறித்துக்கொள்ளலாம்: 35, 110, 42, 38, 95, 40, 46. இவை ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் எத்தனை மைக்ரோகிராம் இருந்தது என்பதன் நாள் சராசரிகள் எனக் கொள்ளலாம், 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவாகவோ விட்டம் உடையதாகையால் இத்துகள் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியது. 2009ஆம் ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர நிர்ணயத்தின்படி 24 மணி நேரத்துக்கு இதன் உச்ச வரம்பு 60. ஏழு எண்களின் கூட்டுத்தொகை 406, சராசரி 58. வரம்புக்குள் அடங்கிவிட்டதுபோல் தோன்றும் வாரம் இது. ஆனால் நுரையீரல் வாரச் சராசரியைச் சுவாசிப்பதில்லை. செவ்வாயன்று 110ஐயும் வெள்ளியன்று 95ஐயும் சுவாசிக்கிறது.

இங்கேதான் கவுண்ட்இஃப் என்னும் சார்பு, அளவில் சிறிதாயினும், குடிமக்கள் கையில் கிடைத்த சார்புகளுள் தலையாயதாகிறது. ஒரு நிபந்தனையை நிறைவேற்றும் கட்டங்களை மட்டும் எண்ணிச் சொல்வது அதன் பணி. 60க்கு மேற்பட்டவை எத்தனை என்று அதைக் கேட்டால் 2 என்று விடை வரும். சராசரி மூடிவைத்த இரண்டு நாட்களும் வெளியே வந்துவிடும். அந்த 60ஐச் சூத்திரத்துக்குள் எழுதாமல் எஃப்1 போன்ற தனிக் கட்டத்தில் இட்டு, சூத்திரத்தை அக்கட்டத்தைப் பார்க்கச் செய்வது நல்ல பழக்கம். ஏனெனில் உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த நாள் வரம்பான 15ஐ அங்கே இட்ட கணமே 2 என்ற விடை 7 ஆகிவிடுகிறது. காற்று மாறவில்லை, அளவுகோல் மாறியிருக்கிறது. எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லும் நேர்மையும் இதனால் கைகூடுகிறது.

நேயர்கள் அருகிலேயே இரண்டாவது வாரம் ஒன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும்: 35, 42, 38, 110, 95, 40, 46. அதே ஏழு எண்கள், அதே சராசரி 58, வரம்பு மீறிய நாட்களும் அதே 2. வேறுபாடு வரிசையில் உள்ளது. இவ்வாரத்தில் வியாழனும் வெள்ளியும் அடுத்தடுத்து வரம்பைத் தாண்டியுள்ளன. தேசியத் தர நிர்ணயம் ஓராண்டில் 98 விழுக்காடு நேரம் நாள் வரம்பு காக்கப்பட வேண்டும் என்றும், எஞ்சிய 2 விழுக்காட்டில் மீறலாமாயினும் அடுத்தடுத்த இரண்டு கண்காணிப்பு நாட்களில் மீறக் கூடாது என்றும் விதிக்கிறது. அவ்வாறு தொடர்ந்து இரு நாள் மீறினால் அதுவே தொடர் கண்காணிப்புக்கும் மேல் விசாரணைக்கும் போதிய காரணம் என்றும் கூறுகிறது. 365 நாளும் அளவு கிடைத்த ஓராண்டில் 2 விழுக்காடு என்பது ஏறத்தாழ ஏழு நாள். ஆகவே முதல் வாரமும் இரண்டாம் வாரமும் சராசரியில் ஒன்றாயினும் விதியின் கண்ணில் ஒன்றல்ல. இதைக் கண்டறிய ஆண்ட் என்னும் சார்பு உதவுகிறது: இன்றைய கட்டமும் நேற்றைய கட்டமும் 60ஐ விட மிகுதியா என்று கேட்டால், இரண்டும் மிகுதியாக இருக்கும் நாளில் மட்டும் அது ஆம் என்று விடையளிக்கும். அச்சூத்திரத்தைச் செவ்வாய்க்கிழமைக்குரிய வரியில் ஒருமுறை எழுதிக் கீழே இழுத்தால் முகவரிகள் தாமாகவே ஒவ்வொரு வரியாக நகர்ந்து ஆண்டு முழுவதையும் சோதித்துவிடும்.

அளவுக் கருவி பழுதாகி ஒரு நாளின் எண் கிடைக்காமற்போவதும் உண்டு. இரண்டாம் வாரத்தின் சனிக்கிழமைக்குரிய 40 இல்லை என்று கொண்டால், கட்டத்தை வெறுமையாக விடும்போது ஆவரேஜ் சார்பு எஞ்சிய ஆறு நாட்களைக் கொண்டு 61 என்று விடை தரும். அதே கட்டத்தில் யாரோ பூச்சியத்தை நிரப்பிவிட்டால் ஏழு நாட்களுக்குப் பங்கிட்டு ஏறக்குறைய 52 என்று கூறும். வெறுமை என்பது அளக்கவில்லை என்பதையும் பூச்சியம் என்பது மாசே இல்லை என்பதையும் குறிப்பதால், ஒரு பூச்சியம் ஊரின் காற்றைப் பொய்யாகத் தூய்மையாக்கிவிடும். எண்ணாகத் தோன்றினும் எழுத்தாகப் பதிந்துவிட்ட கட்டங்களும் இவ்வாறே சராசரியில் சேராமல் நழுவும்; வழக்கமாக எண் கட்டத்தின் வலப்புறமும் எழுத்து இடப்புறமும் ஒட்டி நிற்பதால் கண்ணாலேயே அவற்றைப் பிடித்துவிடலாம்.

சார்புக்குக் கொடுக்கும் கட்டங்களின் எல்லை தவறினால் என்ன நேரும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய பொருளியலாளர்கள் அரசுக் கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வின் விரிதாளை, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் பெற்றுப் பார்த்தபோது, சராசரிச் சூத்திரம் ஐந்து வரிகளுக்கு முன்பே நின்றுவிட்டதையும், அதனால் ஐந்து நாடுகள் கணக்கிலிருந்து விடுபட்டதையும் கண்டறிந்தார். 2013இல் வெளியான அந்த மறுப்பில் வேறு காரணங்களும் எடுத்துரைக்கப்பட்டன என்றாலும், சூத்திரம் எந்தக் கட்டத்தில் தொடங்கி எந்தக் கட்டத்தில் முடிகிறது என்பதை விரல் வைத்துச் சரிபார்க்கும் கடமையை அது எல்லோருக்கும் உணர்த்தியது.

வரைபடத்தின் கதை இன்னும் பழையது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட நூலில் வாணிகக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து காட்டினார். வட்ட வரைபடம் 1801இல் அவருடைய மற்றொரு நூலில் வந்தது. இவற்றுள் நாள்தோறும் மாறும் காற்றுக்கு ஏற்றது கோட்டு வரைபடமே. மணலியையும் இராயபுரத்தையும் ஒப்பிடப் பட்டை வரைபடம் பொருந்தும். ஒரு முழுமையின் பங்குகளைக் காட்டும் வட்ட வரைபடத்துக்கு இங்கே வேலையில்லை. நாள் அளவுகள் உள்ள நெடுவரிசைக்குப் பக்கத்து நெடுவரிசையில் எல்லா வரியிலும் 60 என்று நிரப்பி, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துக் கோட்டு வரைபடம் செருகினால், ஏறி இறங்கும் ஒரு கோடும் அதன் குறுக்கே நேராக ஓடும் வரம்புக் கோடும் தோன்றும். முதல் வாரத்தில் வரம்புக்கு மேல் இரண்டு தனித்தனி முனைகள் எழும். இரண்டாம் வாரத்தில் வியாழனும் வெள்ளியும் சேர்ந்து ஒரே மேடாக நிற்கும். சூத்திரம் அறியாத முதியவரும் அந்த மேட்டை விரலால் தொட்டு, அன்று என்ன நடந்தது என்று கேட்க முடியும் என்பதே வரைபடத்தின் பெருமை. அளவு கிடைக்காத நாளைப் பூச்சியமாகவோ இணைப்புக் கோடாகவோ காட்டாமல் இடைவெளியாகவே விடுமாறு அமைப்பதும், செங்குத்து அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்குவதும் பார்ப்பவரை ஏமாற்றாத வரைபடத்துக்கு அடையாளங்கள்.

கோப்பின் கொள்ளளவு குறித்தும் ஒரு சொல் தேவைப்படுகிறது. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காத பழைய எக்செல் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியதால் 15,841 கொரோனா தொற்றுகள் உரிய காலத்தில் கணக்கில் வராமற்போயின. 15 நிமிடத்துக்கு ஓர் அளவு என்றால் ஈராண்டுக்கு 70,080 வரிகள் ஆகுமாதலால், காற்றுக் கணக்கைத் தொகுப்போரும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வரிகளை ஏற்கும் புதிய வடிவத்திலேயே சேமிக்க வேண்டும்.

நேரம் நெருங்குகிறது. சராசரியோடு எண்ணிக்கையையும், எண்ணிக்கையோடு வரிசையையும் பார்ப்பது, வெறுமையையும் பூச்சியத்தையும் பிரித்தறிவது, எல்லையைச் சரிபார்த்து வரம்புக் கோட்டோடு வரைவது ஆகிய இவ்வளவும் ஒரு மாலைப் பொழுதில் கற்கக்கூடியவை. காலடிப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் கணினி கற்கும் மாணவர்கள் மாதந்தோறும் தங்கள் வட்டாரத்துக் காற்றின் வரைபடம் ஒன்றை அணியப்படுத்தி, பகுதி சபைக் கூட்டத்தின் மேசையில் வைத்து, தொடர்ந்து இரு நாள் வரம்பு மீறிய தேதிகளைச் சுட்டி விளக்கம் கேட்பார்களாயின், அவர்கள் கற்ற கணினிக் கல்வி ஊருக்கும் பயன்படும். அந்நிலை விரைவில் வர வேண்டும் என்பதே இவ்வுரையின் விருப்பம்.