நோயுற்றார்க்குத் துணை நிற்றலும் நோன்பே
(தசலட்சண விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இல்லறத்தார் கைக்கொள்ள வேண்டிய சிட்சாவிரதங்கள் நான்கு. அவற்றை இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்த சமந்தபத்திர ஆசாரியர், புரோஷதோபவாசத்தையும் வையாவிருத்தியத்தையும் அடுத்தடுத்து வைத்தார். முன்னது உண்ணா நோன்பு. பின்னது தளர்ந்தோர்க்கும் துயருற்றோர்க்கும் செய்யும் பணி. அது முதன்மையாகத் துறவியரை நோக்கிச் சொல்லப்பட்டதாயினும், பணிவிடை என்னும் அறம் இல்லத்தின் திண்ணையிலேயே தொடங்குகிறது.

இவ்விரண்டில் உண்ணா நோன்பை ஊர் அறியும். பத்து நாள் நோன்பு முடித்தவரைச் சூழ்ந்து நின்று வாழ்த்துவர். பாரணைக்குப் பால் எடுத்துச் செல்வர். ஆனால் பத்து ஆண்டுகளாக மாமியாருக்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டு, காலில் புண் உண்டாவென்று விளக்கொளியில் பார்த்துவரும் மருமகளின் நோன்பை அறிவோர் எத்தனை பேர்? அறியப்படாத அந்த நோன்பைப் பற்றியதே இச்சொற்பொழிவு.

சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, சிறுநீரகத் தளர்ச்சி, இதய நோய் ஆகியவை காய்ச்சலைப் போல் வந்து போவன அல்ல. வந்தபின் வாழ்நாள் முழுதும் உடனிருப்பவை. மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது மாதத்துக்கு ஒருமுறை, சில நிமிடங்கள். எஞ்சிய நாளெல்லாம் நோயைச் சுமப்பது குடும்பம். என்ன சமைப்பது, எப்போது உண்பது, மாத்திரையை மறந்தால் என்ன செய்வது, நோன்பு நாளில் எவ்வாறு நடப்பது என்னும் வினாக்கள் சமையலறையில் எழுகின்றன. அவற்றுக்கு மருத்துவரின் சீட்டில் முழு விடை இருப்பதில்லை. அதே வழியில் முன்னரே நடந்து சென்ற இன்னொரு குடும்பத்திடம் பாதி விடையேனும் இருக்கும்.

ஓர் இல்லத்தை எண்ணிப் பார்க்கலாம். அங்கே அறுபத்தெட்டு வயது மூதாட்டி. சூரியன் மறைந்தபின் உணவைத் தொடாத ஒழுக்கம் சிறுவயது முதல் அவருடையது. சர்க்கரை நோய்க்காகக் காலையும் மாலையும் மாத்திரை. சதுர்த்தசியன்று உண்ணாமலிருந்தார், மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கினார். பின்னிரவில் உடல் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. மருமகள் சர்க்கரை நீரை நீட்டினாள். "பொழுது விடியட்டும் அம்மா, விரதம் கெடும்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருமகள் செய்வதறியாது நின்றாள். வற்புறுத்தினால் அறத்துக்குப் பகையாவோமோ, வாளாவிருந்தால் உயிருக்குப் பகையாவோமோ என்னும் கலக்கம் அது. அந்நேரத்தில் யாரை அழைப்பது? இவ்வினாவுக்கு விடை காண்பதே குடும்பங்கள் ஒன்றுக்கொன்று துணை நிற்பதன் பயன்.

உடலில் நிகழ்வது என்ன?

இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் உணவு வந்தாலும் வராவிட்டாலும் இரத்தச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருப்பவை. உண்ணாத வயிற்றில் இவை வேலை செய்யும்போது, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். அதுவே தாழ்சர்க்கரை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் என்பன அதன் அறிகுறிகள். மெட்பார்மின் மாத்திரையை மட்டும் உட்கொள்வோர்க்கு இவ்விடர் அரிது. டாபாகிளிப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர் நீரும் அருந்தாமல் நோன்பிருந்தால், உடலில் நீர் வற்றுவதோடு இரத்தத்தில் அமிலம் மிகும் ஆபத்தும் உண்டு. ஆகவே "அவர் நோன்பிருந்தார், நன்றாகத்தானே இருக்கிறார்" என்று ஒருவரைக் காட்டி மற்றவருக்கு உரைப்பது தவறு. நோயின் பெயர் ஒன்றாயினும் மருந்து வேறு, சிறுநீரகத்தின் வலிமை வேறு.

தாழ்சர்க்கரை நேர்ந்தால் செய்ய வேண்டுவது எளிது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ அதற்கு ஈடான குளுக்கோஸ் பொடியையோ நீரில் கரைத்துக் கொடுத்தல். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்த்தல். ஏறவில்லையெனில் மறுபடி கொடுத்தல். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது; உடனே 108க்கு அழைக்க வேண்டும். இதற்குத் தேன் கொடுக்கலாம் என்று பிறர் சொல்வதுண்டு. தேனை விலக்கிய இல்லங்களில் அதனால் தயக்கம் நேர வேண்டியதில்லை, சர்க்கரையே போதுமானது. இச்சிறு செய்தியை ஒரு சமணக் குடும்பம் இன்னொரு சமணக் குடும்பத்துக்குத்தான் சொல்ல முடியும்.

நோன்பு கெடுமோ என்னும் அச்சத்துக்கும் முன்கூட்டியே வழி காணலாம். விழாவுக்கு மூன்று நான்கு வாரம் முன்பே மருத்துவரிடம் சென்று, எந்த மாத்திரையைக் குறைப்பது, எந்த வேளைக்கு மாற்றுவது, நோன்பே கூடாதா என்பதைக் கேட்டறிதல் முதற்படி. மருந்தும் ஆபத்துக் கால உணவும் நீங்கலாக நோன்பை வரையறுத்து ஏற்பது பற்றி அறநூல் கற்ற பெரியோரிடம் தெளிவு பெறுதல் இரண்டாம் படி. நோன்பே கூடாது என்று மருத்துவர் சொல்வாராயின் தவத்தின் வாயில் அடைபட்டுவிடுவதில்லை. புறத்தவம் ஆறனுள் உண்ணாமை ஒன்றே. வயிறு நிறைய உண்ணாது குறைத்து உண்பதும் தவம். நெய், இனிப்பு, உப்பு முதலிய சுவைகளைத் துறக்கும் இரசபரித்தியாகமும் தவம். சர்க்கரை நோயாளர் இனிப்பைத் துறப்பதில் விரதமும் மருத்துவமும் ஒருங்கே நிறைவேறுகின்றன.

மருந்தை மறுப்பதே துறவு என்று எண்ணும் முதியோரும் உளர். சல்லேகனை என்னும் உயர்ந்த நெறியின் பெயரையும் அதற்குத் துணையாக்குவர். தீர்க்கவியலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் ஆகியவை நேர்ந்தபோது மட்டுமே அந்நெறி கூறப்பட்டது. மாத்திரையாலும் உணவு முறையாலும் கட்டுக்குள் நிற்கும் நோய்க்கு அது பொருந்தாது.

ஊசியைப் பற்றிய ஐயம்

இன்சுலின் உயிர்க்கொலையால் வருவது என்று கருதி ஊசியை மறுக்கும் இல்லங்கள் உண்டு. அக்கருத்து ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 1921ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் பிரடெரிக் பான்டிங், சார்லஸ் பெஸ்ட் ஆகியோர் விலங்குகளின் கணையத்திலிருந்தே இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. பின்னர்ப் பல பத்தாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையமே மூலமாயிற்று. 1978இல் மனித இன்சுலினை நுண்ணுயிர் வழியே உருவாக்கும் முறை கண்டறியப்பட்டது. 1982இல் அமெரிக்காவில் அது விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. இன்று மருந்துக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் இன்சுலின் பாக்டீரியா அல்லது ஈஸ்ட் வழியே ஆக்கப்படுவது; அதற்காக விலங்கைக் கொல்வதில்லை.

கேப்சூல் மாத்திரையின் உறை பெரும்பாலும் விலங்கிலிருந்து பெறும் ஜெலட்டினால் ஆனது. இவ்வகையில் ஐயம் உடையோர் மருந்தை நிறுத்திவிடாமல், அதே மருந்து வில்லையாகவோ தாவர உறையிலோ கிடைக்குமா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். பல மருந்துகளுக்கு மாற்று உண்டு. மாற்றுப் பெற்ற ஒரு குடும்பம் அதனைச் சொன்னால் பத்துக் குடும்பங்களின் மனச்சுமை இறங்கும்.

கால்களைப் பற்றியும் ஒரு செய்தி. நெடுநாள் சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்வு மழுங்கும். திருமலையிலும் பொன்னூர் மலையிலும் நண்பகலில் வெறுங்காலோடு படியேறுபவர் கல் சுடுவதை உணரமாட்டார். இரவில் கொப்புளத்தைக் கண்டபின்னரே அறிவார். அத்தகையோர் காலை இளவெயிலிலேயே ஏறி இறங்குதல் நன்று. வீடு திரும்பியதும் உள்ளங்காலை மற்றொருவர் பார்க்க வேண்டும். தனித்து வாழ்வோர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். நோயாளர் காலணி தோலால்தான் ஆக வேண்டும் என்பதில்லை, மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் அடிப்பாகம் கொண்டவை உள்ளன.

மறைப்பதன் காரணம்

இத்தனை பயனுள்ள அறிவு ஓர் இல்லத்திலிருந்து மற்றோர் இல்லத்துக்குச் செல்லாதது ஏன்? தமிழ்ச் சமணர் சிறிய சமூகத்தினர். எவர் வீட்டுச் செய்தியும் நாலு ஊருக்கு எட்டிவிடும். பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் காலத்தில் "அந்தக் குடும்பத்தில் சர்க்கரையாம்", "அவருக்குச் சிறுநீரகம் பழுதாம்" என்னும் சொல் சம்பந்தத்தையே தட்டிவிடும் என்று பெற்றோர் அஞ்சுகின்றனர். அதனால் விருந்தில் இனிப்பை மறுக்க முடியாமல் உண்கின்றனர்; ஊசியை உறவினர் காணாமல் மறைவில் போட்டுக்கொள்கின்றனர்; அல்லது போடாமலே விடுகின்றனர். மறைத்த நோய் குறைவதில்லை.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளை அருங்கலச்செப்பு கற்றோர் அறிவர். அவற்றுள் நான்கு இங்கே வழிகாட்டுகின்றன. முதலாவது உவர்ப்பின்மை. அதற்குச் சான்றானவன் உத்தாயன மன்னன். நோயுற்ற முனிவர் வடிவில் வந்த தேவன் உண்ட உணவை அவன்மீதே உமிழ்ந்தபோதும் அருவருக்காமல், தான் அளித்த உணவில் என்ன குறையோ என்று தன்னையே நொந்துகொண்டு அவன் பணி செய்தான். நோயுற்றவரை நோக்கி "கண்டதையும் தின்றதால் வந்தது" என்று பழிக்கும் நா இக்கதையை நினைவிற்கொள்ள வேண்டும். இரண்டாவது பழி நீக்கல். நன்னெறியில் நிற்போரின் இயலாமையைத் தூற்றாது காப்பது அதன் இயல்பு. துயரைச் சொன்னவரின் செய்தியை வெளியில் விடாமை அதனோடு ஒட்டியது. மூன்றாவது நிலைநிறுத்தல். தளர்ந்து மருந்தைக் கைவிட இருப்பவரை மீண்டும் நிலையில் நிறுத்துவது அதன்பாற்படும். நான்காவது அன்புடைமை. கைம்மாறு கருதாத கன்றின்பால் பசுவுக்குள்ள அன்பே அதற்கு உவமை.

எவ்வாறு தொடங்குவது?

கேரளத்தில் 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கான அமைப்பொன்று தொடங்கியது. பின்னர் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று, நெடுநாள் நோயுற்றோரின் வீடு தேடிச் செல்லும் வலைப்பின்னல் மாநிலமெங்கும் பரவியது. 2008இல் அம்மாநில அரசு அதற்கெனக் கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு நோயாளர்க்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. அதை முறையாக உட்கொள்ளச் செய்யும் ஆறுதல் சொல் அண்டை வீட்டிலிருந்தே வர வேண்டும்.

ஒவ்வோர் ஊரிலும் ஜினாலய வழிபாடு முடிந்தபின் மாதம் ஒருமுறை எட்டுப் பத்துக் குடும்பங்கள் ஒரு மணி நேரம் கூடியிருத்தல் போதும். அதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும்.

ஒன்று, தம் அனுபவத்தைச் சொல்லலாம், மருந்தைப் பரிந்துரைக்கலாகாது. "எனக்கு இது நேர்ந்தது, மருத்துவர் இவ்வாறு சொன்னார்" என்பது துணை. "அந்த மாத்திரையை விட்டு இதைச் சாப்பிடுங்கள்" என்பது தீங்கு. நாட்டு மருந்து உட்கொள்வோரும் அதனை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

இரண்டு, அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும். திருமணப் பேச்சில் அதனைப் பயன்படுத்துவது நம்பிக்கைத் துரோகம்.

மூன்று, நோயாளரைப் போலவே பணிவிடை செய்வோரும் பேச வேண்டும். பெரும்பாலும் அவர் ஒரு பெண். தம் முதுகு வலியையும் உறக்கமின்மையையும் சொல்லாதவர். மாதத்தில் இரண்டு நாள் அவருக்கு மாற்றாக இன்னொருவர் அமர்வதும் தானமே.

நான்கு, இரவில் அழைக்கத்தக்க இரு குடும்பங்களின் தொலைபேசி எண் ஒவ்வொரு நோயாளர் வீட்டுச் சுவரிலும் இருக்க வேண்டும்.

ஐந்து, குளுக்கோமீட்டர் வாங்க இயலாத இல்லத்துக்கு அதனையும் சோதனைப் பட்டைகளையும் வாங்கித் தருதல். நால்வகைத் தானங்களுள் ஒன்றாகிய ஔஷத தானத்தின் இக்கால வடிவம் இதுவே.

இனி, அந்த மூதாட்டியின் இல்லத்துக்கு மீளலாம். அத்தகைய கூட்டம் ஒன்று அவ்வூரில் இருந்திருப்பின், விழாவுக்கு முன்னரே மாத்திரையின் அளவு மாறியிருக்கும். மாறாவிடினும், பின்னிரவில் மருமகள் சுவரிலிருந்த எண்ணை அழைத்திருப்பாள். இரு தெரு தள்ளியிருந்து அதே நோயோடு பதினைந்து ஆண்டு வாழ்ந்த இன்னொரு மூதாட்டி வந்து கையைப் பற்றி, "அக்கா, போன வருஷம் நானும் இப்படித்தான் மறுத்தேன். குடித்துவிடுங்கள். பிராயச்சித்தம் நாளைக்குச் செய்யலாம். அதற்கு நாளைக்கு இருக்க வேண்டும் அல்லவா?" என்று சொல்லியிருப்பார். மருமகளின் சொல்லுக்குத் திறவாத வாய் அச்சொல்லுக்குத் திறந்திருக்கும்.

அச்சொல்லைச் சொல்லத் தகுதியுடையோர் இவ்வவையிலேயே பலர் அமர்ந்திருக்கின்றனர். அடுத்த சதுர்த்தசிக்குள் அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வார்களாயின் இவ்விழா பயனுடையதாகும்.

எல்லா உயிரும் நோயின்றி வாழ்க! அறம் வளர்க!