பூட்டு திறக்கவும் வேண்டும்

(நமது நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



பூட்டைப் பற்றிப் பேச வங்கி எழுத்தருக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் நான் வேலை பார்த்த கிளைகளில், நாள் பூட்டைத் திறப்பதில் தொடங்கும். பூட்டை இழுத்துப் பார்ப்பதில் முடியும். ரொக்கப் பெட்டகத்துக்கு இரண்டு பேர், இரண்டு சாவி. ஒருவர் வரத் தாமதமானாலும் பெட்டகம் திறக்காது, கவுண்டரில் கூட்டம் நிற்கும். அங்கே இருந்தவர்களுக்கு ஒன்று நன்றாகப் புரியும். பூட்டுக்கு இரண்டு வேலை. வேண்டாதவருக்குத் திறக்கக் கூடாது. வேண்டியவருக்கு, வேண்டிய நேரத்தில் திறந்தாக வேண்டும். முதல் வேலைக்காகக் காசு கொடுத்து வாங்குகிறோம். இரண்டாவது வேலையை மறந்துவிடுகிறோம். நம் நகரில் பாதி வீடுகளில் பெரியவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அதனால் அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் பூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று லீவர் பூட்டு. உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு சிறு வில் அழுத்திக்கொண்டிருக்கும். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். பூட்டின் மேல் ‘7 லீவர்’ என்று போட்டிருப்பது இந்தத் தகடுகளின் எண்ணிக்கை. கையால் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டு இந்தக் குடும்பம்தான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் பக்கத்துப் பழைய வீடுகளிலும் தானியக் கிடங்குகளிலும் தொங்கிய கனத்த மாங்காய்ப் பூட்டு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். வீட்டில் ஒன்று இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கையால் செய்த பூட்டைக் கைத்தொழில் தெரிந்தவர் பிரித்து, வில் மாற்றித் தர முடியும்.

இரண்டாவது வகை பின் பூட்டு. இன்றைய வாசற்கதவுகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். உருளைக்குள் ஐந்தாறு சிறு பித்தளைப் பின்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு நூல் கனமுள்ள வில். சாவியின் பள்ளமும் மேடும் எல்லாப் பின்களையும் ஒரே கோட்டில் நிறுத்தும்போது உருளை சுழலும். 1860-களில் அமெரிக்காவில் லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. 160 ஆண்டுகளாக அடிப்படை மாறவில்லை. இதில் இடைவெளி தலைமயிர் அளவுதான். அந்த இடைவெளியில் தூசு புகுந்தால் பின் மேலே போகாது, அல்லது கீழே இறங்காது.

தூசுக்கு நம் இரண்டு மாவட்டங்களிலும் பஞ்சமில்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, இரவு பகலாக லாரி. பெரம்பலூர்ப் பக்கம் கல் குவாரி, மக்காச்சோள அறுவடைத் தூசு. சிமெண்ட் தூசுக்கு ஈரம் பட்டால் இறுகும் குணம் உண்டு. கோடையில் உள்ளே போய் உட்கார்ந்தது, ஐப்பசி மழையில் உள்ளேயே கெட்டியாகிவிடும். வெளிக்கேட் பூட்டு கார்த்திகையில் அடம்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடம்பிடித்ததும் நாம் செய்வது என்ன? சமையலறையிலிருந்து தேங்காயெண்ணெய். இரண்டு சொட்டு விட்டவுடன் அருமையாகத் திறக்கும். இரண்டு மாதத்தில் அந்த எண்ணெய் பிசினாகி, வருகிற தூசையெல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். பின் பூட்டுக்குச் சமையல் எண்ணெய் எதுவுமே ஆகாது. உலர்ந்த மசகுதான் நல்லது: கிராபைட் தூள், அல்லது பூட்டுக்கென்று கடையில் விற்கும் உலர் ஸ்பிரே. கிராபைட் கிடைக்காவிட்டால் வரைபடத்துக்குப் பயன்படுத்தும் கறுப்பு அதிகமான பென்சில், 4பி அல்லது 6பி, வாங்கிச் சாவியின் இரு பக்கமும் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு ஏழெட்டு முறை திருப்புங்கள். பென்சில் முனையில் இருப்பதும் கிராபைட்தான். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் கிராபைட் போடாதீர்கள். இரண்டும் கலந்து களிம்பாகிவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தொங்கு பூட்டு என்றால், ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றி அரைமணி நேரம் ஊறவிட்டு, சாவியைப் போட்டுத் திருப்பித் திருப்பி அழுக்கை வெளியேற்றுங்கள். பிறகு சாவித்துளை கீழே இருக்கும்படி தொங்கவிட்டு ஒரு நாள் காயவிட்டு, அதன் பிறகு மசகு. இதை அடுப்பில்லாத இடத்தில், திறந்த வெளியில் செய்யுங்கள். லீவர் பூட்டுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

இன்னொரு சங்கதி. தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆயுத பூஜையன்று பீரோவுக்கும் வாசற்பூட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். வைக்க வேண்டியதுதான். ஆனால் சாவித்துளையின் மேலேயே வைத்தால் சந்தனம் காய்ந்து உள்ளே உதிரும். இரண்டு விரற்கடை தள்ளி, கைப்பிடியிலோ தகட்டிலோ வையுங்கள்.

இனி, பூட்டின் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு சோதனை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். திறந்த நிலையில் லேசாகத் திரும்பி, மூடிய நிலையில் மட்டும் இறுகினால் பூட்டில் கோளாறு இல்லை. கீல் தொய்ந்து கதவு இறங்கியிருக்கும், அல்லது மழையில் மரம் ஊறியிருக்கும். பூட்டின் நாக்கு நிலையில் உள்ள குழிக்கு நேராகப் போகவில்லை. தச்சர் கீலின் திருகை முடுக்கினாலே பல சமயம் சரியாகிவிடும். அது தெரியாமல் பலம்போட்டுத் திருப்பிச் சாவியை உடைப்பவர்கள் அதிகம். பீரோவும் இப்படித்தான். தரை சமமில்லாமல் ஒரு கால் தாழ்ந்தால் கதவு சாய்ந்து, மேலும் கீழும் போகும் கம்பிகள் மாட்டிக்கொள்ளும். காலுக்கு ஓர் அட்டை வைத்தால் போதும். சாவி உடைந்துவிட்டால் பசை ஒட்டி இழுக்கும் வித்தையெல்லாம் வேண்டாம். பசை பின்களில் ஒட்டினால் பூட்டே போய்விடும்.

அடுத்து மாற்றுச்சாவி. நகலிலிருந்து நகல் எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் சிறு பிசகு கூடிக்கொண்டே போகும். பூட்டோடு வந்த சாவிகளில் ஒன்றை உபயோகிக்காமல் மூலச்சாவியாக எடுத்துவையுங்கள். நகல் எப்போதும் அதிலிருந்துதான். நகல் செய்ததும் அதைப் போட்டுத் திறந்து பாருங்கள். வங்கியில் பெட்டகத்தின் மாற்றுச்சாவியை வேறொரு கிளையில் வைத்து, அவ்வப்போது எடுத்து மாற்றி உபயோகிப்பார்கள். அது வெறும் சம்பிரதாயம் இல்லை. அந்தச் சாவி இன்னும் திறக்கிறதா என்ற சோதனை அதற்குள் அடங்கியிருக்கிறது.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. பூரி ஜகந்நாதர் கோயிலின் ரத்ன பண்டாரத்தை 2024 ஜூலை 14 அன்று பல ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தார்கள். கையிருப்பில் இருந்த சாவிகளால் உள்ளறைப் பூட்டுகள் திறக்கவில்லை. கடைசியில் பூட்டுகளை உடைத்துத்தான் உள்ளே போனார்கள். போட்டுப் பார்க்காத மாற்றுச்சாவியை நம்ப முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சென்ற மழைக்காலத்தில் நம் நகரில் தனியாக இருக்கும் ஓர் அம்மா காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எதிர்வீட்டில் மாற்றுச்சாவி கொடுத்து வைத்திருந்தார், நல்ல ஏற்பாடு. ஆனால் வாசற்கதவில் உள்பக்கம் மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள் இரண்டும் போட்டிருந்தது. சாவி இருந்தும் கதவு திறக்கவில்லை. பின்பக்கக் கதவை உடைத்து உள்ளே போனால், குளியலறையிலும் தாழ்ப்பாள். அம்மா இப்போது நலம். ஆனாலும் ஆள்கள் வெளியே நின்ற அந்த முக்கால் மணி நேரத்தில், இன்னொருவருக்கு என்ன வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம்.

அதனால் பெரியவர்கள் இருக்கும் வீடுகளுக்கு என் விண்ணப்பம் இது. வாசற்கதவில் உள்ளிருந்து பூட்டினாலும் வெளியே சாவியால் திறக்கக்கூடிய நல்ல பூட்டு ஒன்றைப் போட்டு, அதை நம்புங்கள். தாழ்ப்பாளைக் குறையுங்கள். சில பூட்டுகளில் உள்பக்கம் சாவியைச் செருகியபடி விட்டால் வெளிச்சாவி வேலை செய்யாது. இன்று வீட்டுக்குப் போனதும் அதைச் சோதித்துப் பாருங்கள். அப்படியானால் இரவில் சாவியை எடுத்துப் பக்கத்திலேயே, ஆனால் சன்னல் வழியாகக் கை எட்டாத ஆணியில் மாட்டுங்கள். குளியலறைக்கு வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய தாழ் கிடைக்கிறது. அதை மாற்றிவிடுங்கள். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடத் தயங்காதீர்கள். எண் 101, அல்லது 112.

“தாழ்ப்பாள் இல்லாவிட்டால் திருடன் பயம் சார்” என்பீர்கள். நியாயமான பயம். திறக்கவே முடியாத பூட்டு என்று உலகில் ஒன்று இல்லை. 1851-இல் லண்டன் கண்காட்சி நடந்த காலத்தில், பல்லாண்டுகள் யாராலும் திறக்க முடியாமல் கடைச் சன்னலில் சவாலாக வைத்திருந்த பிராமா பூட்டை, ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 51 மணி நேரம் உழைத்துத் திறந்துவிட்டார். நல்ல பூட்டு திருடனுக்கு நேரத்தைக் கூட்டும், சத்தத்தைக் கூட்டும். அந்தச் சத்தத்தைக் கேட்க அக்கம்பக்கம் வேண்டும். அதற்குத்தான் இந்தச் சங்கம்.

வங்கி லாக்கர் பற்றியும் இரண்டு வார்த்தை. உங்கள் லாக்கர் சாவிக்கு வங்கியிடம் நகல் கிடையாது. தொலைத்தால் உங்கள் செலவில் உடைத்துத்தான் திறக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு வரைதான். வாடகை ஒழுங்காகக் கட்டினாலும், 7 ஆண்டுகள் லாக்கரைத் தொடாமலிருந்து உங்களைத் தொடர்புகொள்ளவும் முடியாமல் போனால், வங்கி உரிய முறைப்படி அதைத் திறக்கலாம். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்த் திறந்து மூடுங்கள். பூட்டுக்கும் நல்லது.

ஒரு சின்னக் கணக்குப் புத்தகம் போடுங்கள். எந்தப் பூட்டு, எத்தனை சாவி, யாரிடம் எது, எந்தத் தேதியில் கொடுத்தது. குடித்தனக்காரர் மாறினால் பூட்டின் உருளையை மாற்றுங்கள். பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. சாவியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். படத்தைப் பார்த்தே நகல் வெட்டத் தெரிந்தவர்கள் உண்டு.

ஆண்டுக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். மழைக்கு முன், ஆயுத பூஜையை ஒட்டி ஒரு நாள். கோடைத் தூசு அடங்கியதும் ஆடியில் ஒரு நாள். சுத்தம் செய்து, மசகு போட்டு, எல்லா மாற்றுச்சாவிகளையும் ஒருமுறை போட்டுத் திறந்து பாருங்கள். ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்துக்குப் பூட்டுப் பழுதுபார்ப்பவர் ஒருவரை வரவழைக்கலாம் என்று செயலாளர் சம்மதித்திருக்கிறார். நடக்க முடியாத பெரியவர்களின் வீடுகளுக்கு நானும் இன்னும் இரண்டு பேரும் பென்சிலோடு வருகிறோம். முன்கூட்டியே பெயர் கொடுங்கள்.